அழியாத பொட்டு

ஊர்காவற்றுறையில் மாக்கிறேற்றின் வீட்டுக்கு வருகிற பெண்கள் அநேகமாக ஏதாவது ஒரு முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். சிலருக்கு அது சினிமாக்காரியின் முகம். சிலருக்குத் தங்கள் சொந்த முகம், ஆனால் பத்து வருஷத்துக்கு முந்தினது. மாக்கிறேற் அவர்களைக் கதிரையில் இருத்தி, கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு, தன்னால் ஏலாததைத்தான் முதலில் சொல்லுவாள்.

“புருவம் வரும் ரீச்சர், வயசு போகாது,” என்று வேலணையிலிருந்து வந்த ஓர் ஆசிரியைக்கு ஒருமுறை சொன்னாள். அந்த ரீச்சர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார். அடுத்த கிழமை தானாகவே திரும்பி வந்தார்.

கொழும்பில் ஒரு சீனப் பெண்மணியின் சலூனில் மாக்கிறேற் பல வருஷம் வேலை செய்தவள். தலைமயிர் வெட்டுவது, மணப்பெண்ணை அலங்கரித்து வெளிக்கிடுத்துவது, அதோடு புருவத்திலும் உதட்டிலும் அழியாத நிறம் குத்துவது என்று எல்லாம் அங்கே பழகியவை. எண்பத்து மூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடைத்தெருவெல்லாம் எரிந்தபோது கைக்கு அகப்பட்ட பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அகதிக் கப்பலில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கிப் பையைத் திறந்து பார்த்தால், உள்ளே மாற்றுச் சட்டை ஒன்றுகூட இல்லை. ஊசிக் கட்டும் நிறப் போத்தில்களும்தான் இருந்தன. தகப்பன் பத்திநாதர் மட்டும் இருந்த பழைய வீட்டின் முன்னறையில் அவற்றை வைத்துத் தொழிலைத் தொடங்கினாள். கலியாண வீட்டு அலங்காரம்தான் அதிகம். ஊசிக்கு வருகிறவர்கள் குறைவு. வந்தவர்களுக்கும் அவள் உடனே குத்துவதில்லை. பென்சிலால் வரைந்துவிட்டு, “ஒரு கிழமை இப்பிடித் திரிஞ்சு பாத்திட்டு வாங்கோ,” என்று அனுப்பிவிடுவாள்.

அடுத்த வருஷம் மாசி மாதத்தில், ஒரு காலை, அனலைதீவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னுக்கு வந்தவளுக்கு அறுபது வயதிருக்கும். பெயர் அன்னபூரணம். பின்னால் வந்தவள் அவளுடைய மருமகள் நாகபூசணி. அவளுக்கு முப்பது ஆகவில்லை. பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். வள்ளத்தில் வரும்போது அடித்த கடல் தண்ணீரில் அது கரைந்து மூக்கு நுனிவரை ஒரு கோடாக வழிந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

“பிள்ளை, நீர்தானே அழியாமல் நிறம் குத்துறனீர்?” என்று அன்னபூரணம் கேட்டாள்.

“ஓம் அம்மா. இருங்கோ. ஆருக்கு, உங்களுக்கோ?”

“எனக்கென்னத்துக்கு? என்ரை மருமோளுக்கு. புருவமில்லை. பொட்டு. கழுவினாலும் போகாத பொட்டு ஒண்டு குத்திவிடவேணும்.”

மாக்கிறேற்றுக்கு உடனே விளங்கவில்லை. பொட்டுக் குத்தச் சொல்லி இதுவரை ஒருவரும் அவளிடம் வந்ததில்லை. அன்னபூரணம் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு, மூச்செடுக்காமல் சொல்லி முடித்தாள். ஒரே மகன் தியாகலிங்கம். தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில் கடை வைத்திருந்தவன். ஆடிக் கலவரத்தில் கடை எரிந்துபோனது. அவனைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் தேடியாயிற்று. கப்பலில் வந்தவர்களையெல்லாம் விசாரித்தாயிற்று. ஒருத்தரும் கண்டதாகச் சொல்லவில்லை.

“செத்ததெண்டும் ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே பிள்ளை? மன்னாராலை இந்தியாவுக்குப் போயிருப்பான். எத்தினை பேர் அப்பிடிப் போனவை. ஆனா ஊர்ச்சனம் சும்மா இருக்குதே? போன மாசம் ஒரு கலியாண வீட்டிலை இவள் ஆலாத்தித் தட்டைத் தொடப் போக, ஒருத்தி பறிச்செடுத்து மற்றவளிட்டைக் குடுத்தவள். சரி, சனத்தை விடும். இவள் பின்னேரம் கிணத்தடியிலை முகம் கழுவிப்போட்டு வெறும் நெத்தியோடை வருவாள். அதைக் காணேக்கை எனக்கு நெஞ்சு பதறுது. ஒவ்வொரு நாளும் பதறுது. அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

மாக்கிறேற் வழக்கப்படி ஏலாததைச் சொல்லத் தொடங்கினாள்.

“அம்மா, என்னட்டை இருக்கிறது உதட்டுக்குக் குத்துற சிவப்பு. குங்குமத்தின்ரை சிவப்பு வராது. ஆறினாப் பிறகு செங்கல் நிறத்துக்குப் போகும். மற்றது, குத்தினதைப் பிறகு அழிக்கேலாது. நாளைக்கு ஏதும் ஒண்டெண்டா...”

“என்ன ஒண்டெண்டா?”

மாக்கிறேற் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கடுமையான சொற்களைச் சொல்லியிருக்கிறாள். மூக்கு மாறாது என்றும், மாப்பிள்ளை வீட்டார் கிட்ட வந்து பார்த்தால் தெரியும் என்றும் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். இந்தத் தாயிடம் அந்த வசனத்தை முடிக்க அவளுக்கு நா எழவில்லை.

“தோலை ஒருக்கா வெளிச்சத்திலை பாக்கவேணும்,” என்று நாகபூசணியைக் குசினிக்குப் பின்னால் கூட்டிப் போனாள். பத்திநாதர் அன்னபூரணத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது கேட்டது.

வெயிலில் அந்த நெற்றியை விரலால் தடவிப் பார்த்தபடி மாக்கிறேற் மெல்லக் கேட்டாள்:

“இது உமக்கு விருப்பமோ? மாமிக்காக ஓம் எண்டு சொல்லாதையும். இது உம்மடை முகம்.”

நாகபூசணி முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அவர் இல்லை அக்கா.”

“என்ன சொல்லுறீர்?”

“கடையிலை நிண்ட இளையதம்பி கண்டவன். வீதியிலை வைச்சு அடிச்சு... அவன் கண்ணாலை கண்டவன். ஐப்பசியிலை ஊருக்கு வந்து, வேலியடியிலை நிண்டு எனக்கு மட்டும் சொன்னவன். மாமிக்குச் சொல்ல அவனுக்கு மனம் வரேல்லை. இப்ப அவன் ஜேர்மனிக்குப் போயிட்டான். நானும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? அவருக்கெண்டு சோறு எடுத்து வைச்சிட்டுத்தான் அவ சாப்பிடுறவ. அவர் போடுற சேட்டுகளைக் கிழமைக்கொருக்கா வெயிலிலை போடச் சொல்லுவா. நான் தோய்ச்சுப் போட்டு மடிச்சு வைக்கிறன்.”

அவள் அழவில்லை. அழுகிற பழக்கமே விட்டுப்போனவள்போலக் கதைத்தாள்.

“அக்கா, கொஞ்சக் காலத்திலை போற மாதிரிக் குத்தேலாதோ?”

மாக்கிறேற் யோசித்தாள். முடியும். ஊசி எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலால் குத்தினால் ஒரு வருஷம், கூடினால் ஒன்றரை வருஷம் நிற்கும். அதுவும் சிவப்பு என்றபடியால் இன்னும் கெதியாய் மங்கும்.

“ஏலும். ஆனா மாமி அழியாத பொட்டெண்டு நினைச்சல்லோ வந்திருக்கிறா. அவவுக்கு என்ன சொல்லுறது?”

“ஒண்டும் சொல்லாதேங்கோ. அது மங்க முதல் அவவுக்கு மனம் தேறியிடும். இல்லாட்டி நானாச் சொல்லுவன். இப்ப ஏலாது அக்கா. இப்ப சொன்னா அவ போயிடுவா.”

அன்று மாக்கிறேற் தன் வழக்கங்களை ஒவ்வொன்றாக விட்டாள். பென்சிலால் வரைந்து ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. ஊசிகளை அவித்தெடுத்தாள். பத்திநாதர் மீன் வாடியிலிருந்து கொண்டுவந்த ஐஸை நொறுக்கித் துணியில் கட்டி, நெற்றி விறைக்கும்வரை பிடித்தாள். பிறகு குத்தத் தொடங்கினாள். அன்னபூரணம் மருமகளின் கையைத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குத்துக்கும் அவள்தான் “ஸ்ஸ்” என்றாள். நாகபூசணி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

இரத்தம் ஒற்றியெடுத்த பிறகு, வட்டமாக, சிவப்பாக, அந்தப் பொட்டு தெரிந்தது. அன்னபூரணம் கண்ணாடியை மருமகளிடம் கொடுக்கவில்லை. தானே குனிந்து, கிட்ட நின்று பார்த்தாள்.

“இனி எந்தத் தண்ணியாலை போகும்?” என்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அவன் இருக்கிற வரைக்கும் இது இருக்கும். இது இருக்கிற வரைக்கும் அவன் இருப்பான்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மாக்கிறேற்றுக்கு அது தெரிந்தது. நாகபூசணி கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கிழமைக்குத் தண்ணி படவிடாதேங்கோ,” என்று மட்டும் சொன்னாள் மாக்கிறேற்.

*

அடுத்த வருஷம் பங்குனியில் அன்னபூரணம் தனியாக வந்தாள். பாதி ஆளாகப் போயிருந்தாள். வள்ளக்காரன் யாக்கோப்பு கையைப் பிடித்துக் கூட்டிவந்து படியில் விட்டுப் போனான்.

“பிள்ளை, அது போகுது,” என்றாள். கதிரையில்கூட இருக்கவில்லை.

“எது அம்மா?”

“பொட்டு. தைப்பொங்கல் மட்டிலை கண்டனான், ஒரு பக்கம் வெளுத்துக் கிடந்தது. வெயிலாக்கும் எண்டு நினைச்சன். இப்ப பாத்தா நடுவிலையும் வெளுக்குது. அவன் எங்கையோ நோய் வருத்தத்திலை கிடக்கிறான் பிள்ளை. நயினாதீவு அம்மாளுக்கு நேந்து விரதம் பிடிக்கிறன். ஒரு நேரந்தான் சாப்பாடு. எண்டாலும் நாளுக்கு நாள் மங்குது. விடிய எழும்பினவுடனை அவளின்ரை நெத்தியைத்தான் பாக்கிறனான். அவன்ரை உயிர் போறதை நான் பாத்துக்கொண்டிருக்கிற மாதிரிக் கிடக்குது.”

மாக்கிறேற் அவளைப் பிடித்து இருத்தினாள். இந்த மனுஷி இப்படியே விரதம் கிடந்தால் செத்துப்போவாள் என்று அவளுக்குத் தோன்றியது. தான் மேலால் குத்திய நிறம் தன்பாட்டில் மங்குவதைப் பார்த்து, ஒரு தாய் மகன் சாகிறான் என்று பட்டினி கிடக்கிறாள். அதற்குமேல் அவளால் பொறுக்க ஏலவில்லை.

“அம்மா, அது உங்கடை மகனாலை இல்லை. என்ரை ஊசியாலை. நான் மேலாலைதான் குத்தினனான். அப்பிடிக் குத்தினா மங்கத்தான் செய்யும். வேறை ஒண்டுமில்லை. நீங்கள் விரதத்தை விடுங்கோ.”

அன்னபூரணத்தின் முகத்தில் முதலில் ஓர் ஆறுதல் வந்தது. உண்மையாகவே வந்தது. “அப்பிடியோ,” என்று மூச்சு விட்டாள். பிறகு மெல்ல மெல்ல அது மாறியது.

“நான் அழியாமல் எல்லோ குத்தச் சொன்னனான்? ஏன் மேலாலை குத்தினனீர்?”

மாக்கிறேற் ஊசிக் கட்டைத் துணியால் மூடினாள்.

“ஆர் சொன்னது அப்பிடிக் குத்தச் சொல்லி?”

வெளியே பத்திநாதர் வலைக்கயிறு திரிக்கிற சத்தம் கேட்டது. அன்னபூரணம் தன் உள்ளங்கைகளைக் குனிந்து பார்த்தாள்.

“அவளோ?”

“அம்மா...”

“அப்ப அவளுக்குத் தெரியும்,” என்றாள் அன்னபூரணம். அது கேள்வியாக இல்லை. “அண்டைக்கே தெரியும். குத்தேக்கையே தெரியும்.”

அவள் கதறவில்லை. மாக்கிறேற் அதைத்தான் எதிர்பார்த்து, பிடிக்கத் தயாராக எழுந்து நின்றாள். ஆனால் அன்னபூரணம் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். ஆட்டம் நின்ற பிறகு கேட்டாள்:

“கொஞ்சம் தண்ணி தாரும்.”

குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தாள்.

“அந்தச் சேட்டுகளைத் தோய்ச்சு மடிச்சு மடிச்சு வைச்சவள், பிள்ளை. நான் ‘கொலரை நல்லாத் தேய் மோளை, வந்தவுடனை போடுவான்’ எண்டு சொல்லுவன். ‘ஓம் மாமி’ எண்டுவாள். ஒரு நாளெண்டாலும் முகம் சுளிக்கேல்லை.”

போகும்போது படியில் நின்று திரும்பினாள்.

“நான் அறிஞ்சதை அவளுக்குச் சொல்லாதையும். எனக்காகத்தான் அவள் இதைத் தூக்கிக்கொண்டு திரியிறாள். இப்ப நானும் அறிஞ்சிட்டன் எண்டா, பிறகு அவள் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. அது தன்பாட்டிலை மங்கட்டும். என்ன, சொல்லமாட்டீர்தானே?”

“சொல்லமாட்டன் அம்மா,” என்றாள் மாக்கிறேற்.

*

அந்த வாக்கு சித்திரை முடியும்வரைகூட நிற்கவில்லை. வருஷப்பிறப்புக்குப் பிறகு நாகபூசணி வந்தாள். வந்ததும் வராததுமாகத் தானே போய்க் கதிரையில் இருந்து, தலைமயிரைப் பின்னுக்குத் தள்ளி நெற்றியைக் காட்டினாள். பொட்டு பழைய தழும்பின் நிறத்துக்கு வந்திருந்தது.

“அக்கா, திரும்பக் குத்துங்கோ. இந்தமுறை ஆழமா. ஒருநாளும் போகாத மாதிரி.”

“ஏன்?”

“மாமி பாக்கிறா. ஒண்டும் கேக்கிறதில்லை, சும்மா பாக்கிறா. முந்தி எண்டா அவரைப் பற்றி ஒரே கதை. இப்ப அவரின்ரை பேர்கூட எடுக்கிறதில்லை. பொட்டு மங்கிறதாலை பயந்துபோனா எண்டு நினைக்கிறன். நான் மடைச்சி அக்கா, மனம் தேறியிடும் எண்டு நினைச்சன். தேறாது. அவ இருக்கிற வரைக்கும் இது இருக்கட்டும்.”

“அவவுக்குப் பிறகும் இருக்கும் நாகபூசணி. நீர் கிழவியானாப் பிறகும் இருக்கும். உமக்கு இன்னும் முப்பது வயசாகேல்லை.”

“இருந்தா என்ன? எனக்கு இனி இந்த முகம் என்னத்துக்கு?”

மாக்கிறேற் ஊசிகளை எடுக்கவில்லை. அடுப்பை மூட்டவும் இல்லை. ஒருத்திக்காகப் பொய்க்கு உடன்பட்டு, மற்றவளுக்கு வாக்கும் கொடுத்து, இரண்டையும் காப்பாற்ற முடியாத இடத்தில் வந்து நிற்பது அவளுக்கு விளங்கியது. வாக்கைக் காத்தால், இனி ஒருவரும் நம்பாத பொய் ஒன்றுக்காக ஒருத்தியின் நெற்றியில் சாகும்வரை நிற்கிற குறியை அவளே குத்த வேண்டும்.

“குத்தத் தேவையில்லை,” என்றாள் கடைசியில். “மாமிக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம். பங்குனியிலை வந்தவ. பொட்டு மங்கிறதைப் பாத்து, மகன் சாகிறான் எண்டு பட்டினி கிடந்தவ. நான் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. உமக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டை வாக்கு வாங்கிக்கொண்டு போனவ.”

நாகபூசணி எழும்பினாள். முகமெல்லாம் வெளிறி, அந்த மங்கல் பொட்டு மட்டும் அதில் தெரிந்தது.

“ஏன் சொன்னீங்கள்? நீங்கள் ஆர் அக்கா, எங்கடை வீட்டுக்குள்ளை வந்து விளக்கை அணைக்கிறதுக்கு? எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை அவர் ஒரு மாதிரி இருந்துகொண்டிருந்தவர். சோறு இருந்தது, சேட்டு இருந்தது. இப்ப நான் வீட்டை போய் ஆருக்குச் சோறு எடுத்து வைக்கிறது?”

“பொய் சொல்லிக் குத்தினது நான் செய்த பிழை. ஒருக்காச் செய்திட்டன். திரும்ப ஏலாது,” என்றாள் மாக்கிறேற். நாகபூசணி அதைக் கேட்க நிற்கவில்லை. குடையை மறந்துவிட்டு வெயிலில் இறங்கித் துறைமுகப் பக்கம் நடந்து போனாள்.

*

அதற்குப் பிறகு நடந்தவற்றை யாக்கோப்பு வந்து சொல்லித்தான் மாக்கிறேற் அறிந்தாள். மாமியும் மருமகளும் கீரிமலைக்குப் போய், தியாகலிங்கத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். உடல் இல்லாதபடியால் தர்ப்பையால் உருவம் செய்து வைத்துத்தான் கிரியை நடந்தது. அன்னபூரணம் அதற்குப் பிறகு பாயை விட்டு அதிகம் எழும்பவில்லை. ஐப்பசி மழை தொடங்க முதல் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“நான் வாயைத் திறந்திருக்கப்படாது அப்பு,” என்று மாக்கிறேற் தகப்பனிடம் சொன்னாள்.

பத்திநாதர் கயிற்றிலிருந்து கண் எடுக்காமல், “முதல் நாள் திறந்திருக்கலாம்,” என்றார். குற்றம் சொல்வதுபோல இல்லாமல் மெதுவாகத்தான் சொன்னார்.

மார்கழியில் நாகபூசணி வந்தாள். வெள்ளைச் சீலை இல்லை. மங்கல் நீலத்தில் ஒரு பழைய சீலை. கையில் ஒரு சூட்கேஸ். கிளிநொச்சியில் இருக்கிற தமையனிடம் போகிறாளாம். யாழ்ப்பாணத்துக்குப் பஸ் வர நேரமிருந்தது. மாக்கிறேற் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

“என்னிலை இன்னும் கோவமோ?”

“கோவம் இருந்தது,” என்றாள் நாகபூசணி. “அண்டைக்கு நான் வீட்டை போகேக்கை மாமி குசினியிலை சோறு போட்டுக்கொண்டிருந்தவ. மூண்டு கோப்பை. நான் ஒண்டும் சொல்லேல்லை. மூண்டாவது கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைச்சன். அவ என்ரை முகத்தைப் பாத்தா. அதோடை ரெண்டு பேரும் விழுந்து அழத் தொடங்கினம். அதுக்கு முதல் அந்த வீட்டிலை ஒருத்தரும் அவருக்காக அழேல்லை அக்கா. அழுதா அவர் செத்ததாப் போயிடுமெண்டு அழேல்லை.”

அவள் தேத்தண்ணீர்க் குவளையைக் கையில் உருட்டினாள்.

“நீங்கள் சொல்லாட்டி மாமி இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பா. ஆனா அழாமல் இருந்திருப்பா. எது நல்லதெண்டு எனக்கு இப்பவும் தெரியேல்லை.”

மாக்கிறேற் எழும்பி வந்து அவளுடைய நெற்றியைப் பார்த்தாள். இளஞ்சிவப்பில் ஒரு நிழல் மிஞ்சியிருந்தது. கிட்ட வந்தால்தான் தெரியும்.

“தோல் நிறத்திலை மேலாலை குத்தி மறைக்கப் பாக்கலாம். ஆனா முழுக்க மறையாது. வெயிலிலை கறுத்தா வேறையாத் தெரியும். அதை முதலே சொல்லிப்போடுறன்.”

“வேண்டாம்,” என்றாள் நாகபூசணி. “கடைசிக் கிழமை மாமிக்குக் கண் சரியாத் தெரியாது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு நெத்தியைக் கையாலை தடவினவ. ‘இன்னும் கொஞ்சம் இருக்குதோ மோளை?’ எண்டு கேட்டவ. ‘ஓம் மாமி, இருக்குது’ எண்டன். ‘அப்ப சரி’ எண்டா. எல்லாம் தெரிஞ்சாப் பிறகும் அப்பிடிக் கேட்டவ.”

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். மாக்கிறேற் அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸின் ஹோர்ன் சந்தியில் கேட்கும்வரை அப்படியே நின்றார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சூட்கேஸைத் தூக்கியபோது நாகபூசணி கேட்டாள்:

“இது எப்ப முழுசாப் போகும் அக்கா?”

“தெரியாது. சிலருக்குக் கடைசி வரை கொஞ்சம் நிக்கும். அது என்ரை கையிலை இல்லை.”

“அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்,” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு பஸ்ஸில் ஏறிப் போனாள்.

மாக்கிறேற் அவளை மறுபடி காணவில்லை. கடிதமும் வரவில்லை. தொண்ணூறில் போர் வந்து சனம் தீவுகளை விட்டு ஓடியபோது அவளும் தகப்பனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தாள். கிளிநொச்சி, வன்னிப் பக்கமிருந்து ஆர் வந்தாலும், பேர் ஊர் கேட்க முதல் அவள் கண் அந்தப் பெண்களின் நெற்றிக்குத்தான் போகும்.